எம்பதிக்கு 'ஒத்துணர்வு' போதுமா?

அனைவருக்கும் வணக்கம். எம்பதி (empathy), அதாவது இன்னொருவரின் நிலையை உள்ளிருந்து உணர்வது, இதற்குப் புதுத் தமிழ்ச்சொல் வேண்டும் என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

> 'ஒத்துணர்வு' ஏற்கெனவே புழங்குகிறது. அப்புறம் எதற்குப் புதுச்சொல்?

புழங்குகிறது, உண்மைதான். கூடவே 'அனுதாபம்' என்றும் புழங்குகிறது, இயந்திர மொழிபெயர்ப்பில் 'பச்சாதாபம்' என்றும் வந்து விழுகிறது. பச்சாத்தாபம் என்பது ஒன்றைச் செய்துவிட்டுப் பின்னால் வருந்துவது. தமிழில் அது தேய்ந்து வெறும் இரக்கமாகி, இப்போது எம்பதியின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கூத்து நமக்கு மட்டும் நடக்கவில்லை. எம்பதி கிரேக்க வேரிலிருந்து செய்த சொல். ஆனால் இன்றைய கிரேக்கத்தில் 'எம்பாத்தியா' என்றால் காழ்ப்பு! அதனால் அவர்களே உளவியலுக்கு வேறொரு சொல்லை வைத்துக்கொண்டார்கள்.

நான் சிக்கியது ஒரு கலை உளவியல் கட்டுரையை மொழிபெயர்க்கும்போது. "தூணின் மீது பார்வையாளர் கொள்ளும் ஒத்துணர்வு" என்று எழுதிவிட்டு மறுநாள் படித்தால் எனக்கே சிரிப்பு வந்தது. தூணுக்கு ஏது உணர்வு, நாம் ஒத்துப்போக?

ஆனால் இந்தச் சொல்லின் பிறப்பிடமே தூணும் ஓவியமும்தான். 1873இல் ராபர்ட் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் 'ஐன்ஃபூலுங்' (உள்ளே சென்று உணர்தல்) என்ற சொல்லைக் கலையைப் பற்றிப் பேசத்தான் எடுத்தார். ஒரு வடிவத்தைப் பார்க்கும்போது நம் உடலின் அசைவையும் உணர்வையும் அதற்குள் கொண்டுபோய் வைக்கிறோம் என்பது கருத்து. தூண் 'நிமிர்ந்து நிற்கிறது', பாரத்தைத் 'தாங்குகிறது' என்கிறோமே, கல் எதையும் செய்யவில்லை. நிமிர்வது நம் முதுகு. ஜெர்மன் தத்துவவாதி தியோடர் லிப்ஸ் இதை மனிதர்களுக்கும் நீட்டினார். கயிற்றில் நடப்பவனைப் பார்க்கையில் நான் அவனுக்குள் இருக்கிறேன் என்றார். 1909இல் உளவியலாளர் டிட்ச்னர் அதை ஆங்கிலத்தில் எம்பதி ஆக்கினார். ஆலோசனை அறைக்கும் நிர்வாகப் பயிற்சிக்கும் அது வந்தது அப்புறம்தான்.

> கண்ணாடி நரம்பணு (பிறர் செய்வதைப் பார்த்தாலே, தானே செய்வதுபோல் இயங்கும் மூளை அணு) இருக்கிறதே, 'ஆடியுணர்வு' (ஆடி என்றால் கண்ணாடி) என்றால் என்ன?

சொல் அழகுதான். ஆனால் அந்த நரம்பணுக்களை 1990களில் இத்தாலியின் பார்மாவில் கண்டது குரங்குகளிடம். மனிதரின் எம்பதியை அது எவ்வளவு விளக்கும் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஓயாத சண்டையின் மேல் சொல்லைக் கட்ட வேண்டாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது திசை. குழந்தைக்கு ஊட்டும் தாயைக் கவனித்திருப்பீர்கள். கரண்டி குழந்தையின் உதட்டை நெருங்கும்போது தாயின் வாயும் தன்னால் திறக்கும். கேட்டால், "நானா திறந்தேன்?" என்பார். அந்த நொடியில் அவர் குழந்தையின் வாய்க்குள் போயிருக்கிறார். பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டால் நமக்கும் வருவது வேறு: அது வெளியிலிருந்து நம்மிடம் வந்து ஒட்டுகிறது. அதற்குத் 'தொற்றுணர்வு' என்று வைத்துவிடலாம். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். இரக்கம் மூன்றாவது. நல்ல மோசடிக்காரனுக்கு எதிராளியின் பயமும் ஆசையும் துல்லியமாகத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வலையை விரிக்கிறான். எம்பதி நிறைய, இரக்கம் துளியும் இல்லை. 'பரிவுணர்வு' என்று எழுதினால் இவனை எங்கே வைப்பது?

நம் மரபில் தேடியபோது ஒன்று கிடைத்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டுக்கு (உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவது) உரை எழுதும் இளம்பூரணர், பழைய நூலாசிரியர் செயிற்றியனாரின் நூற்பாவைக் காட்டுகிறார்: "உய்ப்போன் செய்தது காண்போர்க்கு எய்துதல்". மேடையில் அஞ்சுபவனின் அச்சம் பார்ப்பவனை வந்து சேர்கிறது. அருமையான வரையறை. ஆனால் பாருங்கள், அங்கே உணர்வு நம்மை நோக்கி வருகிறது. ஃபிஷரிடம் நாம் அதை நோக்கிப் போகிறோம். அதனால் 'மெய்ப்பாடு' என்றே வைத்துவிடலாம் என்ற என் முதல் ஆசையைக் கைவிட்டேன். 'உள்ளுணர்வு' நேரடிப் பெயர்ப்பாக இருக்கும், ஆனால் அதை வேறொன்றுக்கு (intuition) எப்போதோ கொடுத்துவிட்டோம்.

என் முன்வைப்பு: புகுந்துணர்வு. புகுந்துணர்ந்தான், புகுந்துணரும் திறன், புகுந்துணராமை என்று வினையும் பெயரெச்சமும் எதிர்மறையும் தடையில்லாமல் வருகின்றன. கூடு விட்டுக் கூடு பாய்வதைக் கதையாகக் கேட்டு வளர்ந்த நமக்கு 'புகுதல்' புரியாமல் போகாது. ('கூடுபாய்வு' என்றே வைக்கச் சொல்லித் தனிமடலில் ஒருவர் எழுதினார். ஆசைதான், பாடநூலில் அச்சேறாது ஐயா!)

---

ஐயா, வணக்கம்.

திசை பற்றிச் சொன்னது சரி. ஆனால் நான் நோயாளிகளோடு பேசுகிறவள். "உங்கள் வேதனையைப் புகுந்துணர்கிறேன்" என்று ஒருவரிடம் சொன்னால், கதவை உடைத்துக்கொண்டு வந்ததாகத்தான் அவருக்குப் படும். புகுதலில் அனுமதி இல்லை. 'ஒத்துணர்வு' துல்லியம் குறைந்த சொல்லாக இருக்கலாம், ஆனால் பக்கத்தில் வந்து உட்காருகிறது.

---

அம்மா, இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. நோயாளியிடம் பேசும்போது அந்தச் சொல்லை நானும் எடுக்க மாட்டேன். அப்படியானால் ஆலோசனைத் துறையில் 'ஒத்துணர்வு' இருக்கட்டும். அழகியலிலும், நடிப்பு, வாசிப்பு பற்றிய எழுத்திலும் 'புகுந்துணர்வு' வரட்டும். ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் துறைக்கொன்றாக இரண்டு இருப்பது நமக்குப் புதிதில்லை. மோசடிக்காரனை எந்தப் பக்கம் தள்ளுவது என்று மட்டும் நீங்களே சொல்லுங்கள்.

தூண் வாக்கியத்தைத் திருத்திவிட்டேன்: "பார்வையாளர் தூணைப் புகுந்துணர்கிறார், தம்மை அறியாமல் நிமிர்கிறார்." இதையே 'ஒத்துணர்வு' வைத்து யாராவது எழுதிக் காட்டினால், என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.