மறு: விக்டோரியா ஏரி மீனும் நாடாப்புழுவும் – ‘இறுதி விருந்தோம்பி’ சரிதானா?

அன்புள்ள குழுவினருக்கு,

பள்ளித் துணைப்பாட மொழிபெயர்ப்பு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. விக்டோரியா ஏரியில் விரலளவு வெள்ளி மீன் ஒன்று உண்டு. கென்யாவில் ஒமேனா, தான்சானியாவில் தாகா. சில மீன்களின் வயிற்றைக் கீறினால், குடலுக்கு வெளியே வெள்ளை நாடா சுருண்டு கிடக்கும். லிகுலா என்ற நாடாப்புழு. அது புகுந்த மீனில் பெரும்பாலும் சினை வளர்வதில்லை. மீனை நீர்க்காகம் போன்ற பறவை விழுங்கினால், சில நாளிலேயே புழு முதிர்ந்து முட்டையிடும். முட்டைகள் எச்சத்தோடு ஏரியில் விழும். மீனுக்குள் மாதக்கணக்கு, பறவைக்குள் நாள்கணக்கு. ஒட்டுண்ணி தங்கி வாழும் உயிரை ‘விருந்தோம்பி’ என்கிறோம். ஆனால் நம் வழக்கில் மீன் ‘இடைநிலை விருந்தோம்பி’, பறவை ‘இறுதி விருந்தோம்பி’. மாணவர் குழம்ப மாட்டார்களா?

> மாணவர் குழம்ப மாட்டார்களா?

குழப்பம் ‘விருந்தோம்பி’யிலேயே இருக்கிறது ஐயா. வள்ளுவர் சொல்லும் விருந்தோம்பல் முகம் மலர்ந்து செய்வது. சினையைப் பறிகொடுக்கும் மீன் யாரை வரவேற்றது? இலங்கைப் பாடநூல்களின் ‘விருந்து வழங்கி’க்கும் இதே குறைதான். ‘தாங்குயிர்’ என்போம். பறவைக்கு நல்ல பழஞ்சொல்லே இருக்கிறது: ஈனில். குறுந்தொகை 85இல் சூல் முதிர்ந்த பேடைக்காகச் சேவல் குருவி இழைப்பது ஈனில்தான். ஈனும் இல்; புழு முட்டையிடும் இடம். ‘ஈனில் உயிர்’ எவ்வளவு பொருத்தம்!

> ‘ஈனில் உயிர்’ எவ்வளவு பொருத்தம்!

சொல் அழகுதான் அம்மா, ஆனால் வகுப்பில் நிற்காது. பதினைந்து வயதுப் பிள்ளை அதை ‘ஈனம்’ என்றுதான் படிக்கும். ‘தாங்குயிர்’ என்றாலோ நோய்தாங்கியோடு கலந்துவிடும். மலேரியாப் பாடத்திலேயே ‘விருந்தோம்பி’ பழகியாயிற்று. அதை இப்போது பிடுங்க வேண்டாம். அடைமொழியை மட்டும் மாற்றுவோம். புழு வளர மட்டும் செய்கிற மீன் ‘வளர்நிலை விருந்தோம்பி’, முட்டையிடும் பருவம் எய்தும் பறவை ‘முதிர்நிலை விருந்தோம்பி’. மீனுக்கு முன் புழுவைச் சுமக்கும் இறாலுக்கு உறவான சிற்றுயிரும் வளர்நிலையே. முதலாவது, இரண்டாவது என்று எண்ணிட்டால் போதும்.

அப்புறம், ‘ஒட்டுண்ணி’யையும் பார்க்க வேண்டும். வயிற்றறையில் கிடக்கும் இந்தப் புழு எங்கே ஒட்டுகிறது? அதைத் தனி இழையில் பேசலாம்.

> அடைமொழியை மட்டும் மாற்றுவோம்

சரி, நான்கு பேர் இதற்கே இசைந்திருக்கிறார்கள். வளர்நிலை, முதிர்நிலை என்றே அச்சுக்கு அனுப்புகிறேன்.

> அச்சுக்கு அனுப்புகிறேன்

அனுப்புங்கள். எனக்கு உடன்பாடில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்புக்கு ‘ஈனில்’ பற்றி விரிவாக எழுதுவேன்.