ரோஜாச் செடியின் கழுத்தில் கட்டி வந்திருக்கிறது, அதே குழியில் மறுபடி நடலாமா?

கேள்வி: இராயக்கோட்டை ரோஜாத் தோட்டம்

வணக்கம். ஒட்டு கட்டிய சிவப்பு ரோஜா, அரை ஏக்கரில் சொட்டுநீர் போட்டு வைத்திருக்கிறோம். கிழக்கு ஓரத்து வரிசைகளில் செடி வளராமல் அப்படியே நிற்கிறது. இலை வெளுத்து, மாலை கட்டுகிறவர்கள் ஒதுக்கித் தள்ளும் அளவுக்குப் பூ சிறுத்துவிட்டது. ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். ஒட்டுக்குக் கீழே, மண் மட்டத்தில், காலிபிளவர் மாதிரி சொரசொரப்பாக ஒரு கட்டி, கைமுட்டி அளவு. மருந்துக் கடையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கொடுத்தார்கள், ஊற்றினேன், மாற்றம் இல்லை. பிடுங்கிய குழியிலேயே புதுக் கன்று வைக்கலாம் என்கிறார் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை.

பதில்: மாடித்தோட்டக்காரர்

எனக்கும் வேரில் முடிச்சு வந்தது. வேப்பம் புண்ணாக்கும், சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவும் கொடுத்தேன், செடி தேறிவிட்டது. நீங்களும் செய்து பாருங்கள்.

பதில்: பழைய நர்சரி

தம்பி சொல்வது வேறு நோய். அவருக்கு வந்தது வேர்முடிச்சு நூற்புழு. அது சல்லி வேர் நெடுக வரும், வேரே அங்கங்கே வீங்கி இருக்கும், தனியாகப் பிய்த்து எடுக்க முடியாது. மதிய வெயிலில் செடி துவண்டு சாயங்காலம் நிமிரும். உங்களுக்கு வந்திருப்பது கழுத்தில். ‘கிரவுன் கால்’ (கழுத்துக் கட்டி நோய்) என்பார்கள், அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவின் வேலை. புதுக் கட்டியைக் கீறினால் வெளுப்பாக, மெத்தென்று இருக்கும். முற்றினால் பழுப்பேறி, மரம்போல் இறுகி, வெடிக்கும்.

காப்பர் ஏன் கேட்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கிருமி காயம் வழியாகத்தான் உள்ளே போகும். போனதும் தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செருகிவிடும். அதற்கப்புறம் கிருமி செத்தாலும் கட்டி தானாக வளரும். அதனால் நோய் வந்த செடிக்கு எந்த மருந்தும் இல்லை. கத்தியால் செதுக்கி எடுத்தாலும் பெரும்பாலும் திரும்ப வரும். ஆஸ்திரேலியாவில் ஆலன் கெர் கண்டுபிடித்த கே84 என்ற நல்ல பாக்டீரியாவில் கன்றின் வேரை நனைத்து நடுகிறார்கள். அதுவும் வருமுன் காக்கத்தான்.

அதே குழியில் ரோஜா வேண்டவே வேண்டாம், அப்பாவிடம் சொல்லுங்கள். கிருமி மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். கட்டி உள்ள செடிகளை வேரைச் சுற்றிய மண்ணோடு அள்ளி எடுத்து எரித்துவிடுங்கள். உரக்குழியில் போட்டால் நீங்களே தோட்டம் பூராவும் பரப்பியதாகிவிடும். கவாத்துக் கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் நடுவில் ஸ்பிரிட்டில் நனைத்துத் துடையுங்கள். களையெடுக்கும்போது கொத்து கழுத்தில் படக்கூடாது. கவாத்துக்கு ஆள் விடுகிறவர்கள் இதை அவர்களிடம் நின்று சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை, நோய் ஒரு வரிசையில் ஆரம்பித்து நேர்கோட்டில் போவதற்குக் கத்தரியும் கொத்தும்தான் காரணம்.

காலியான இடத்தில் கேழ்வரகோ சோளமோ போடுங்கள். புல் இனப் பயிருக்கு இந்த நோய் சாதாரணமாக வராது. உங்கள் ஊரில் கேழ்வரகுக்கு என்ன பஞ்சம்! சாமந்தி, தக்காளி, திராட்சை மூன்றுக்கும் இது வரும், அவற்றைத் தவிருங்கள்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. இன்று இன்னொரு செடியைத் தோண்டினேன். கழுத்தில் கட்டி இருக்கிறது, சல்லி வேரிலும் குட்டிக் குட்டி முடிச்சுகள். இரண்டும் சேர்ந்து வருமா? முடிச்சுக்குச் செண்டுமல்லி போடச் சொல்கிறார்களே?

பதில்: பழைய நர்சரி

வரும். நூற்புழு வேரைத் துளைக்கிற ஓட்டைதான் அந்தக் கிருமிக்கு வாசல். செண்டுமல்லி வேர் நூற்புழுவை அடக்கும் என்பது உண்மை. ஆனால் சாமந்திக் குடும்பச் செடியைக் கட்டி கண்ட வரிசையில் வைக்க நான் துணிய மாட்டேன். முடிச்சு மட்டும் உள்ள பக்கத்தில் போடுங்கள்.

கட்டி கண்ட வரிசைக்கு, வருகிற சித்திரை வெயிலை விடாதீர்கள். மண்ணைக் கிளறி, நன்றாக நனைத்து, கண்ணாடிபோல் தெரியும் மெல்லிய பாலித்தீன் ஷீட்டை இழுத்துக் கட்டி, ஓரமெல்லாம் மண் அணைத்து ஆறு வாரம் மூடிவையுங்கள். கறுப்பு ஷீட் அந்த அளவுக்குச் சூடு ஏற்றாது. நூற்புழுவும் பூஞ்சாணமும் நன்றாகக் குறையும், பாக்டீரியா ஓரளவுக்குத்தான். ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சாணத்தை மூடுவதற்கு முன்னால் போட்டால் அந்தச் சூட்டில் அதுவும் போய்விடும். ஷீட்டை எடுத்தபின் மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரமாக ஒரு வாரம் வைத்திருந்து போடுங்கள். வேப்பம் புண்ணாக்கையும் அப்போதே சேர்க்கலாம்.

அப்புறம், புதுக் கன்று வாங்கும்போது பையைக் கிழித்துக் கழுத்தைப் பாருங்கள். பட்டாணி அளவு புடைப்பு இருந்தாலும் அந்தக் கன்றை எடுக்காதீர்கள், அந்த லாட்டையே எடுக்காதீர்கள். விற்கிறவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கேள்வி கேட்டவர்:

சரி ஐயா. கிழக்கு ஓரத்து வரிசைகளைப் பிடுங்க ஆள் சொல்லிவிட்டேன். கேழ்வரகுக்கு அப்பாவும் சம்மதித்துவிட்டார்.