போர் மோட்டார் ஓடுது, தண்ணி ஏற மாட்டேங்குது: ஒன்றரை எச்.பி. போடணுமா?

நரசிங்கம் ரோடு:
ஒத்தக்கடை பக்கம், யானைமலை அடிவாரத்தில் வீடு. போர் 350 அடி, நாலரை இஞ்ச். 2013-ல் இறக்கிய ஒரு எச்.பி. சப்மெர்சிபிள், 12 ஸ்டேஜ் (தண்ணீரைத் தள்ளும் 12 அடுக்கு), 240 அடியில் தொங்குகிறது. ஒன்னேகால் இஞ்ச் கருப்பு ஓஸ். மாடிக்கு மேலே ஆயிரம் லிட்டர் டேங்க், தரையிலிருந்து 30 அடி இருக்கும். முன்பெல்லாம் அரை மணி நேரத்தில் வழிந்துவிடும். இப்போது ஒன்றரை மணி நேரம் ஓடினாலும் நிறைவதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆம்ஸ் 7 காட்டும். இப்போது 5-க்கும் 6-க்கும் நடுவில் நிற்கிறது. வோல்டேஜ் 225-க்குக் குறையவில்லை. வாளி அடியில் பவுடர் மாதிரி மணல் தங்குகிறது.

வந்து பார்த்தவர் போர் மூடியைக்கூடத் திறக்காமல், "மோட்டார் வீக்காயிருச்சு, ஒன்றரை எச்.பி. போட்டுருங்க" என்கிறார். பக்கத்து வீட்டிலோ, "அடியிலே தண்ணியே இல்ல, வேற போர் போடுங்க" என்கிறார்கள். மாமியார் இரண்டு பேரையும் நம்பவில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

மேலூர்க்காரன்:
கண்டன்சர் போயிருக்கும். முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

திருமங்கலம் வைண்டிங்:
கண்டன்சர் போனால் மோட்டார் உறுமிவிட்டு ட்ரிப் ஆகும் தம்பி. இது ஒழுங்காகக் கிளம்பி ஓடுகிறது. ஆம்ஸும் ஏறவில்லை, இறங்கித்தான் இருக்கிறது. காயில் பழுதோ, சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் தேய்மானமோ என்றால் பெரும்பாலும் ஆம்ஸ் கூடும். பம்ப் தள்ளுகிற தண்ணீர் குறைந்தால்தான் ஆம்ஸ் குறையும். அது ஏன் குறைந்தது என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். டேங்குக்குப் போகிற பைப்பைக் கழற்றி வாளியில் பிடியுங்கள். முதல் சில நிமிடம் நன்றாக வந்து பிறகு இளைத்து, காற்றும் தண்ணீருமாகத் துப்பினால் போரில் ஊற்று போதவில்லை. சுவிட்ச் போட்ட நொடியிலிருந்தே ஒரே மெலிசாக வந்தால் குறை பம்பிலோ ஓஸிலோ. அடுத்து, நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். உடனே தண்ணீர் வந்தால் ஓஸ் நிறைந்தே நின்றிருக்கிறது, ஓட்டையும் இல்லை, தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வும் பிடிக்கிறது. வெகுநேரம் காற்றுத்தான் வருகிறது என்றால் உள்ளே எங்கோ ஒழுகுகிறது. போர் வாயில் காதை வைத்தால் தண்ணீர் கொட்டுகிற சத்தமே கேட்கும். கடைசியாக, தண்ணீர் மட்டம். நைலான் கயிற்றில் ஒரு போல்ட் கட்டி இறக்கினால் ஈரமான அளவு தெரியும். கேபிளில் சிக்கவிடாமல் இறக்குங்கள்.

நரசிங்கம் ரோடு:
பார்த்துவிட்டேன் அண்ணே. முதலிலிருந்தே மெலிசு, கடைசி வரை அதே அளவு. காற்று துப்பவில்லை. நிறுத்திப் போட்டால் உடனே வருகிறது. மட்டம் 130 அடி.

திருமங்கலம் வைண்டிங்:
அப்போ போரில் தண்ணீர் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவிடலாம்.

மோட்டாரைத் தூக்கும் முன் ஒரு கணக்கு. பிளேட்டில் அதிகபட்ச ஹெட், அதாவது பம்ப் தண்ணீரைத் தள்ளக்கூடிய உயரம், எவ்வளவு போட்டிருக்கிறது? வருகிற மெக்கானிக்கிடம் பிரஷர் கேஜ் கேளுங்கள். மேலே வால்வுக்கு முன்னால் கேஜை மாட்டி, வால்வை ஐந்தாறு நொடி மட்டும் முழுசாக மூடிப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். 10 மீட்டர் உயரம் ஏறக்குறைய ஒரு கிலோ பிரஷர்.

நரசிங்கம் ரோடு:
பழைய பில்லில் 85 மீட்டர். கேஜ் 1.8 கிலோ காட்டியது.

திருமங்கலம் வைண்டிங்:
130 அடி என்றால் 40 மீட்டர். 85-ல் அது போக 45, அதாவது கேஜில் நாலரை கிலோ வந்திருக்க வேண்டும். 1.8 என்றால் இப்போது அந்தப் பம்பின் சக்தி 58 மீட்டர்தான். டேங்க் வாய்க்கே 49 மீட்டர் ஏற வேண்டும், ஓஸ் உராய்வு தனி. அதனால்தான் நூல் மாதிரி போகிறது. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம்தான் இம்பெல்லர், அதை மணல் தின்றிருக்கிறது.

ஒன்றரை எச்.பி. வேண்டாம். கேபிள், பேனல், கண்டன்சர் எல்லாம் அதற்குத் தக்கபடி மாற்ற வேண்டிவரும். அது ஊற்றைவிட வேகமாக இழுத்தால் மட்டம் சரசரவென்று இறங்கும், மணலும் கூட வரும். கோடையில் மட்டம் 200 அடிக்குப் போகும் என்று வையுங்கள்: 61 மீட்டர், டேங்க் 9, உராய்வுக்கு 5, ஆக 75. அதே ஒரு எச்.பி.யில் 15 ஸ்டேஜ் வாங்குங்கள். அதிகபட்ச ஹெட்டைப் பார்க்காதீர்கள், அந்த இடத்தில் தண்ணீரே வராது. கேட்டலாக்கில் 75 மீட்டருக்கு நேரே எத்தனை லிட்டர் என்று பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 8034 என்ற எண்ணும் இருக்கட்டும்.

மேலூர்க்காரன்:
மோட்டார் நல்லாத்தானே இருக்கு, பம்ப் பகுதியை மட்டும் மாற்றினால் செலவு மிச்சமாகுமே?

திருமங்கலம் வைண்டிங்:
ஆகும். தூக்கியதும் மெகர் (கரண்ட் கசிகிறதா என்று இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அதை நம்பி மறுபடி இறக்கக் கூடாது. 2013 மோட்டார், ஏற்றி இறக்கும் கூலியும் சும்மா இல்லை. என் வீடாக இருந்தால் செட்டாக மாற்றுவேன்.

நரசிங்கம் ரோடு:
தூக்கியாச்சு. இம்பெல்லர் விளிம்பெல்லாம் பிளேடு மாதிரி மெலிந்து, இரண்டு ஸ்டேஜில் ஒரு பக்கமே இல்லை. மெகரும் அரைக்குக் கீழே. செட்டாகவே 15 ஸ்டேஜ் வாங்கிவிட்டோம். நாளைக் காலையில் இறக்குகிறார்கள். கூட நின்று என்ன பார்க்க வேண்டும்?

திருமங்கலம் வைண்டிங்:
தண்ணீர் நிரப்பும் மோட்டார் என்றால் இறக்கும் முன் நல்ல தண்ணீர் ஊற்றி, குமிழி நிற்கும் வரை ஆட்டி, மறுபடி ஊற்றி மூட வேண்டும். "ஓடுதான்னு பார்ப்போம்" என்று தரையில் வைத்து ஒரு நொடிகூடப் போட விடாதீர்கள், புஷ் போய்விடும். கேபிள் ஜாயிண்ட்டில் ஒவ்வொரு வயரையும் ரப்பர் டேப்பால் தனித்தனியாக இழுத்துச் சுற்றி, அதன்மேல் பி.வி.சி. டேப். ஜாயிண்ட் முடிந்ததும் வாளித் தண்ணீரில் முக்கி மெகர் வைக்கச் சொல்லுங்கள், சோம்பல்பட்டால் நீங்களே வாளியை எடுத்து வையுங்கள். கேபிளை ஓஸோடு பத்தடிக்கு ஒரு கட்டு. பழைய நைலான் கயிறு வேண்டாம். பேனலில் கண்டன்சர் அளவு புது மோட்டார் புத்தகத்தில் இருப்பதுதானா என்று ஒத்துப் பாருங்கள். மோட்டார் வெளியே இருக்கிற நேரம் போர் வாயை மூடிவைக்க வேண்டும், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

நரசிங்கம் ரோடு:
இறக்கியாச்சு அண்ணே. ஆம்ஸ் 7.2. தண்ணீர் பாய்ந்து வருகிறது, ஆனால் கலங்கல், டீ நிறம். டேங்குக்கு விடலாமா?

திருமங்கலம் வைண்டிங்:
விடாதீர்கள். தெளிகிற வரை தென்னைக்குப் போகட்டும். வால்வை முதலில் பாதி மட்டும் திறந்து ஓட்டுங்கள், தெளியத் தெளியக் கூட்டுங்கள். பிறகும் மணல் நிற்காவிட்டால் போரின் மேல்பகுதியில் மண் சரியாமல் இறக்கியிருக்கிற கேசிங் பைப் பாறையில் உட்காருகிற இடத்தில் இடுக்கு விழுந்திருக்கும், போர்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.