லிப்பிட் ஏ விஷம்னா அதையே எப்படி வேக்சின்ல போடுறாங்க?

மைக்ரோ_மாணவி:
எம்.எஸ்சி மைக்ரோபயாலஜி படிக்கிறேன். இ.கோலை மாதிரி கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவோட எல்.பி.எஸ்-ல (வெளிச்சவ்வுல இருக்கிற சர்க்கரை-கொழுப்பு மூலக்கூறு) லிப்பிட் ஏ பகுதிதான் எண்டோடாக்சின், அதாவது நச்சு, ரத்தத்துல கலந்தா காய்ச்சல்ல ஆரம்பிச்சு செப்டிக் ஷாக் வரைக்கும் போகும்னு படிச்சோம். ஆனா அதுலேந்து வந்த எம்.பி.எல்-ஐ (மோனோபாஸ்போரில் லிப்பிட் ஏ) வேக்சின்ல அட்ஜுவண்டா, அதாவது எதிர்ப்பைக் கூட்டுற துணைப்பொருளா சேர்க்கிறாங்களாமே, டோஸ் கம்மிங்கிறதாலயா இல்ல மூலக்கூறே வேறயா?

சர்க்கரைவால்:
மூலக்கூறே வேறங்க. இ.கோலை லிப்பிட் ஏ-வை ஒரு தடவை கையால வரைஞ்சு பாருங்க, ரெண்டு குளுக்கோசமைன், ஆளுக்கொரு பாஸ்பேட், அதுல தொங்குற ஆறு கொழுப்பு அமில வால். அஞ்சு வால் நம்ம செல்லுல இருக்கிற எம்.டி-2 புரதத்தோட குழிக்குள்ள போயிடும், ஆறாவது வெளிய நீட்டிக்கிட்டு பக்கத்து டி.எல்.ஆர்-4-ஐ (கிருமியை உணர்ற ரிசப்டர்) தொடும், ரெண்டு டி.எல்.ஆர்-4 ஜோடி சேர்ந்தாதான் செல்லுக்குள்ள சிக்னல் போகும். எம்.பி.எல்-ல ஒண்ணாம் கார்பன்ல இருக்கிற பாஸ்பேட் கிடையாது, அந்த ஒண்ணு போனதுலயே நச்சுத்தன்மை அவ்ளோ இறங்கிடுது, ஆனா இம்யூன் சிஸ்டத்தை எழுப்புற குணம் போகல. செர்வாரிக்ஸ் (எச்.பி.வி வேக்சின்), ஷிங்ரிக்ஸ் (அக்கி வேக்சின்) ரெண்டுலயும் இருக்கிறது இதுதான்.

பிளேட்_ரீடர்:
வால் எண்ணிக்கையையும் விட்டுடாதீங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமே அதுதான். நாலு வால் இருக்கிற லிப்பிட் IVa மனுஷ செல்ல சிக்னலை தடுக்கும், எலி செல்ல அதுவே சிக்னலை கிளப்பும், அதனால எலி ரிசல்ட்டை வச்சு மட்டும் முடிவு பண்ணக்கூடாது. பிளேக் கிருமி எர்சினியா பெஸ்டிஸ் இன்னும் கெட்டிக்காரத்தனமா, தெள்ளுப்பூச்சியோட குறைஞ்ச வெப்பநிலையில ஆறு வால் செய்யும், 37 டிகிரி உடம்புக்குள்ள வந்ததும் பெரும்பாலும் நாலோட நிறுத்திக்கும், டி.எல்.ஆர்-4 கண்ணுல சரியா படாது. இ.கோலையோட வால் சேர்க்கிற எல்.பி.எக்ஸ்.எல் ஜீனை அதுக்குள்ள வச்சு 37 டிகிரிலயும் ஆறு வால் போட வச்சப்ப எலியைக் கொல்ற வீரியமே போயிடுச்சு!

மைக்ரோ_மாணவி:
சூப்பர், ரொம்ப நன்றி. அப்ப டி.பி கிருமியோட கிளைகோலிப்பிடும் (சர்க்கரை ஒட்டின கொழுப்பு) டி.எல்.ஆர்-4 வழியாதானா?

சர்க்கரைவால்:
இல்லங்க, அதுல எல்.பி.எஸ்-ஸே கிடையாது. அங்க முக்கியமானது டிரெஹலோஸ் டைமைக்கோலேட், கார்டு ஃபேக்டர்னு சொல்றது, டிரெஹலோஸ் சர்க்கரையில ரெண்டு பெரிய மைக்கோலிக் அமிலம். அதைப் பிடிக்கிற ரிசப்டர் மின்கிள், 2009-ல கண்டுபிடிச்சாங்க. லேப்ல செஞ்சு பாக்கப்போறீங்கன்னா தண்ணியில கரையாது, ஐசோபுரோப்பனால்ல கரைச்சு பிளேட்ல ஊத்தி நல்லா காயவிட்டு அதுமேல மேக்ரோஃபேஜை (கிருமியை விழுங்குற இம்யூன் செல்) போடுங்க.