தமிழில் ஒரே ‘கு’, ஆங்கிலத்தில் ‘டு’, ‘ஃபார்’, ‘ஆஃப்’: எதை எங்கே வைப்பது?

கேள்வி: கோரைக்கரை, பத்தமடை

அனைவருக்கும் வணக்கம். பத்தமடையில் பாய் நெய்யும் பெண்கள் குழு ஒன்றுக்குக் கணக்கும் கடிதமும் எழுதிக் கொடுக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். வெளிமாநிலத்தாருக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது. வினைச்சொற்களும் காலமும் ஓரளவு கைவந்துவிட்டன. ஆனால் பெயர்ச்சொல்லை அடுத்து எந்த ப்ரிபொசிஷன், அதாவது ‘டு’, ‘ஃபார்’ போன்ற முன்னிடைச்சொல், வரும் என்பதில் ஒவ்வொரு வரியிலும் தடுமாறுகிறேன்.

சென்ற மாதம் பார்சல் கட்டணம் 150 ரூபாயிலிருந்து 350 ரூபாயாகிவிட்டது. 200 ரூபாய் கூடியிருக்கிறது என்று தெரிவிப்பதாக நினைத்துக்கொண்டு ‘அன் இன்க்ரீஸ் டு 200 ருபீஸ்’ என்று எழுதிவிட்டேன். வாங்கியவர் பார்சலுக்கு 200 ரூபாய் வீதம் அனுப்பினார். 14 பார்சல்களுக்கும் சேர்த்து 2,100 ரூபாயைக் குழுவின் பணத்திலிருந்து கட்ட நேர்ந்தது. ஒரு சிறு சொல்லால் நெய்தவர்களின் கூலியில் கைவைக்க வேண்டி வந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அதே கடிதத்தில் ‘ரீசன் டு த டிலே’, ‘டிமாண்ட் டு மேட்ஸ்’ என்றும் எழுதியிருந்தேன். ‘தாமதத்துக்குக் காரணம்’, ‘பாய்க்குக் கிராக்கி’ என்று தமிழில் எல்லாவற்றுக்கும் ‘கு’ வருவதால் எல்லா இடத்திலும் ‘டு’ போட்டேன். இதற்கு விதி ஏதும் உண்டா, அல்லது ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதுதானா?

பதில் 1: பாளை ஆசிரியர்

அம்மா, உங்கள் தவறு எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். பாளையங்கோட்டைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் பிள்ளைகளின் தவறுகளில் பெரும்பகுதி அந்த ‘கு’விலிருந்துதான் பிறக்கிறது.

நன்னூல் நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை எனப் பல பொருள்களைச் சொல்லி, அனைத்தையும் ‘இதற்கு இது’ என்ற ஒரே கயிற்றில் கட்டுகிறது. இரவலனுக்குப் பொருள் கொடுத்தான் என்பது கொடை. கூலிக்கு வேலை செய்தான் என்பது பொருட்டு. சாத்தனுக்கு மகன் என்பது முறை. தமிழுக்கு இம்மூன்றும் ஒன்று. ஆங்கிலமோ கொடைக்கு ‘டு’ என்றும், பொருட்டுக்கு ‘ஃபார்’ என்றும், மகன் என்ற உறவுக்கு ‘ஆஃப்’ என்றும் பிரித்துவிடுகிறது. ஆகவே ‘கு’வைக் கண்டவுடன் ‘டு’ எழுதாமல், இது எந்தப் பொருளில் வந்த ‘கு’ என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மற்றொன்றைச் சென்று சேர்வதாகவோ அதில் பொருந்துவதாகவோ இருந்தால் பெரும்பாலும் ‘டு’ வரும். கேள்விக்குப் பதில் ‘ஆன்சர் டு’, பூட்டுக்குச் சாவி ‘கீ டு’, தறிக்குச் சேதம் ‘டேமேஜ் டு’, ஊருக்குள் நுழையும் வழி ‘என்ட்ரன்ஸ் டு’. வேண்டுவதும் தேடுவதும் நாடுவதுமான பெயர்களை ‘ஃபார்’ தொடரும். ‘நீட்’, ‘டிமாண்ட்’, ‘ரிக்வெஸ்ட்’, ‘அப்ளிகேஷன்’, ‘சர்ச்’ ஆகியவை அந்த வகை. பாய்க்குக் கிராக்கி என்றால் மக்கள் அதை வேண்டுகிறார்கள் என்று பொருள். அதனால் ‘டிமாண்ட் ஃபார்’. தண்ணீருக்குத் தட்டுப்பாடு என்பதில் இல்லாமற்போன பொருளே தண்ணீர்தான் என்பதால் ‘ஷார்ட்டேஜ் ஆஃப்’, ‘லேக் ஆஃப்’.

காரணத்தில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. தமிழில் காரணம் ஒரு சொல். ஆங்கிலத்தில் அது இரண்டு. ‘ரீசன்’ வந்தால் ‘ஃபார்’, ‘காஸ்’ வந்தால் ‘ஆஃப்’. தாமதம் ஏன் என்று நீங்கள் விளக்கம் சொல்லும்போது ‘த ரீசன் ஃபார் த டிலே’ என்று எழுதுங்கள். வெள்ளம் தாமதத்தை உண்டாக்கியது என்னும்போது ‘த காஸ் ஆஃப் த டிலே’ என்று எழுதுங்கள். இவ்விரண்டையும் மாற்றிப் போடுவதைக் கல்லூரி முடித்தவர்களிடமும் கண்டிருக்கிறேன்.

உங்களுக்கு நட்டம் தந்த தொடருக்கு வருகிறேன். ஏற்றம், இறக்கம், மாற்றம் ஆகியவற்றைக் குறிக்கும் பெயர்களுக்குப் பின்னால் எதில் மாற்றம் என்பதற்கு ‘இன்’, எவ்வளவு என்பதற்கு ‘ஆஃப்’, எங்கிருந்து என்பதற்கு ‘ஃப்ரம்’, எதுவரை என்பதற்கு ‘டு’ வரும். நீங்கள் எழுதியிருக்க வேண்டியது ‘அன் இன்க்ரீஸ் ஆஃப் 200 ருபீஸ் இன் த பார்சல் சார்ஜ், ஃப்ரம் 150 டு 350’ என்பதாகும். ‘டு 200’ என்றதும் கட்டணமே 200 ரூபாய் என்று அவர் எடுத்துக்கொண்டதில் பிழையில்லை. வினையாக எழுதினால் ‘ஆஃப்’ போய் ‘பை’ வரும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: ‘த சார்ஜ் ஹேஸ் இன்க்ரீஸ்டு பை 200 ருபீஸ்’. பெயரை அடுத்து அளவைச் சொல்லும்போது பெரும்பாலும் இந்த ‘ஆஃப்’ வரும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்த மழையைக் குறித்தால் ‘அ ரெயின்ஃபால் ஆஃப் 95 சென்டிமீட்டர்ஸ்’ என்றும், அந்த வெள்ளம் நம் சாலைகளுக்குச் செய்ததைக் குறித்தால் ‘டேமேஜ் டு த ரோட்ஸ்’ என்றும் எழுதுவோம்.

பதில் 2: அம்பை மனு எழுத்தர்

ஆசிரியர் ஐயா கடைசியாகக் காட்டிய ‘ஆஃப்’, ‘பை’ வேறுபாட்டை இன்னும் சற்று விரிக்க விரும்புகிறேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான்; சில வேளைகளில் அதன் ஆங்கில வடிவமும் கேட்பார்கள். அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது, ஒரே சொல் வினையாக நிற்கும்போது ப்ரிபொசிஷன் இல்லாமலும், பெயராக நிற்கும்போது ப்ரிபொசிஷனோடும் வரக்கூடும் என்பதாகும். ‘வி டிஸ்கஸ்டு த பிரைஸ்’ என்பதில் நடுவே எதுவும் வராது. ‘டிஸ்கஷன்’ என்று பெயராகிவிட்டால் ‘அபவுட்’ அல்லது ‘ஆன்’ தேவைப்படும். நம் பக்கத்தில் பரவலாக எழுதப்படும் ‘டிஸ்கஸ்டு அபவுட்’ என்பது பெயரின் வழக்கத்தை வினைக்குக் கொண்டுபோனதால் வந்தது. கேள்விக்குப் பதிலளித்தேன் என்றால் ‘ஆன்சர்டு த கொஸ்டின்’; பதில் என்றால் ‘ஆன்சர் டு த கொஸ்டின்’. ‘விசிட்’, ‘ரிக்வெஸ்ட்’, ‘லேக்’, ‘அட்டாக்’, ‘இன்ஃப்ளூயன்ஸ்’, ‘எம்ஃபசைஸ்’ என்பதன் பெயரான ‘எம்ஃபசிஸ்’ எல்லாம் இப்படித்தான் நடக்கின்றன. மாறாக ‘ரிலை ஆன்’ என்பதன் பெயரும் ‘ரிலையன்ஸ் ஆன்’ என்றே வரும்.

‘கு’வைப் போலவே ‘மேல்’ என்பதும் நம்மை ஏமாற்றும். பாய் மேல் வரி ‘டாக்ஸ் ஆன்’, ஊர் மேல் தாக்குதல் ‘அட்டாக் ஆன்’ என்று இரண்டு இடத்தில் பொருந்திவிட்டதால், உங்கள் மேல் நம்பிக்கை என்பதற்கும் ‘ஆன்’ எழுதிவிடுகிறோம். அங்கே ‘டிரஸ்ட் இன்’, ‘ஃபெய்த் இன்’ என்றே வரும். பிள்ளை மேல் உள்ள அன்பு ‘லவ் ஃபார்’ ஆகும்.

பதில் 3: இடையன்குடி வாசகர்

கால்டுவெல் வாழ்ந்து உழைத்த ஊரிலிருந்து எழுதுகிறேன். அவர் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளின் தனித்தன்மைகளுள் ஒன்றாக, முன்னிடைச்சொல் இல்லாமல் பெயருக்குப் பின்னால் உருபு வருவதைக் குறிப்பிட்டிருக்கிறார். ‘தாமதத்துக்குக் காரணம்’ என்பதில் ‘கு’ தாமதத்தின் உடலோடு ஒட்டியிருக்கிறது. ‘ரீசன் ஃபார் த டிலே’ என்பதிலோ, ‘ஃபார்’ தாமதத்துக்கு முன்னால் நின்றாலும் அதைத் தேர்ந்தெடுப்பது ‘ரீசன்’ என்ற சொல். நமக்கு உருபு தான் ஒட்டிய பெயரோடு பிறப்பது. அவர்களுக்கு அது முதற்பெயரின் உடைமை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ‘தாமதத்துக்கு’ என்பதை மொழிபெயர்க்க முயலாமல் ‘ரீசன் எதைக் கேட்கிறது’ என்று யோசிப்பீர்கள்.

ஆசிரியர் ஐயாவோடு ஓரிடத்தில் மட்டும் உடன்பட இயலவில்லை. பொருள்வழிப் பிரிவு தொடக்கத்தில் கைகொடுக்கும், ஆனால் நெடுந்தூரம் வராது. சிக்கலுக்குத் தீர்வு ‘சொல்யூஷன் டு’. நோய்க்குத் தீர்வு ‘கியூர் ஃபார்’. இரண்டிலும் தீர்வு சென்று சேரவே செய்கிறது. ஆகவே சொல்லைத் தனியே எழுதிப் படிக்காமல், ‘சொல்யூஷன் டு’, ‘கியூர் ஃபார்’ என்று சேர்த்தே நோட்டில் எழுதி வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பெயருக்கு முன்னால் ப்ரிபொசிஷன் வரும் தொடர்களில் ‘த’ என்ற சொல் இருப்பதும் இல்லாததும் பொருளையே மாற்றும். பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் தண்டனை அனுபவிப்பவர் ‘இன் ப்ரிசன்’. அவரைக் காணச் சென்றவர் ‘இன் த ப்ரிசன்’. பேருந்துப் பயணம் ‘பை பஸ்’ என்றாலும், குறிப்பிட்ட ஒரு பேருந்தில் இருப்பது ‘ஆன் த பஸ்’. உங்கள் தொழிலுக்கு ஒன்று: விற்பனைக்கு உள்ளது என்பதற்கு ‘ஃபார் சேல்’ என்றே எழுதுங்கள். ‘ஆன் சேல்’ என்றால் பிரிட்டனில் கடையில் கிடைக்கிறது என்று பொருள், அமெரிக்காவிலோ விலை குறைத்து விற்கப்படுகிறது என்று பொருள்; அங்கிருந்து வாங்குபவர் தள்ளுபடி கேட்பார்.

கேள்வி கேட்டவர்: கோரைக்கரை, பத்தமடை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடிதத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன். ‘த ரீசன் ஃபார் த டிலே வாஸ் அ ஷார்ட்டேஜ் ஆஃப் கோரை. த டிமாண்ட் ஃபார் பட்டுப்பாய் இஸ் ஹை. ப்ளீஸ் நோட் அன் இன்க்ரீஸ் ஆஃப் 200 ருபீஸ் இன் த பார்சல் சார்ஜ், ஃப்ரம் 150 டு 350.’ கோரை என்பதை அப்படியே விட்டு, ஆற்றங்கரையில் வளரும் புல் என்று கீழே விளக்கிவிட்டேன். கடைசியில் பாய்கள் திருமணத்துக்கு முன்பே வந்து சேரும் என்று உறுதி கொடுக்க வேண்டும். அங்கே ‘ஆன் டைம்’ வருமா, ‘இன் டைம்’ வருமா, ஐயா?

பதில்: பாளை ஆசிரியர்

கடிதம் பிழையின்றி இருக்கிறது, அம்மா. குறித்த நேரத்தில் ஒன்று நடந்தால் ‘ஆன் டைம்’. ஒரு காரியத்துக்கு முன்னதாகப் போதிய நேரம் இருக்கும்படி நடந்தால் ‘இன் டைம்’. நெல்லை எக்ஸ்பிரஸ் திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து அட்டவணைப்படி கிளம்பினால் அது ‘ஆன் டைம்’. அது கிளம்பும் முன் நாம் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ‘இன் டைம்’. திருமணப் பாய்க்கு ‘இன் டைம் ஃபார் த வெட்டிங்’ என்று எழுதுங்கள். அங்கே வரும் ‘கு’ பொருட்டுப் பொருளில் வந்தது என்பதால் ‘ஃபார்’.