பதில்: நம்மூர்ப் பள்ளி இணைப்பு – ஜமைக்கா ஹைஸ்கூல் கதை

சங்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

நம்மூர்ப் பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊரோடு சேர்க்கப் போறாங்களாம் என்ற பேச்சு கிளம்பினதிலிருந்து மடல் மேல் மடல். "பிள்ளைங்களே இல்ல, அப்புறம் பள்ளிக்கூடம் எதுக்கு?" என்று துபாய் அண்ணன் கேட்டிருந்தார். கேள்வி சரிதான் அண்ணே. ஆனா பிள்ளைகள் எப்படி இல்லாமல் போகிறார்கள் என்பதற்கு, நான் குடியிருக்கும் நியூயார்க் நகரத்துக் குயின்ஸ் பகுதியிலேயே ஒரு கதை இருக்கிறது.

பள்ளியின் பெயர் ஜமைக்கா ஹைஸ்கூல். தீவு இல்லை, நியூயார்க் நகரத்துக்குள் இருக்கும் ஜமைக்கா. 1892ல் தொடங்கிய அரசுப் பள்ளி. எஃப் ரயிலில் 169வது தெருவில் இறங்கி, ஹில்சைட் அவென்யூ வங்காளதேசக் கடைகளைத் தாண்டி மேடேறினால் கோத்திக் டிரைவில் அதன் 1927ஆம் வருஷக் கட்டடம் நிற்கும். செங்கல் சுவர், முகப்பில் பெரிய தூண்கள், உச்சியில் சின்னக் கூண்டு கோபுரம். நம்ம ஊர் கலெக்டர் ஆபீஸ் தோற்றுவிடும்.

படித்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டினாரே பாப் பீமன், அவர் இந்தப் பள்ளிப் பையன். அந்த உலக சாதனையை முறியடிக்க 1991 வரை ஆனது. பரிணாம அறிவியல் எழுதிய ஸ்டீபன் ஜே கூல்டும் இங்கேதான் படித்தார். 1980களில்கூட நாட்டின் சிறந்த பள்ளிகளில் ஒன்று என்று மத்திய அரசு பாராட்டியிருக்கிறது.

அப்புறம்தான் சறுக்கல். புளூம்பெர்க் மேயராக இருந்த காலத்தில், பெரிய ஹைஸ்கூல்களை மூடி அதே கட்டடத்தில் சின்னச் சின்னப் பள்ளிகள் வைப்பது நகரத்தின் கொள்கை. எந்தப் பள்ளி வேண்டும் என்று பிள்ளைகளே விண்ணப்பிக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் பிள்ளையை வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். புதிதாக நாட்டுக்கு வந்து ஆங்கிலம் பழகும் பிள்ளைகளும், கூடுதல் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளும் இங்கேயே தங்கினார்கள். 2007ல் மாநில அரசு 'ஆபத்தான பள்ளி' என்று பட்டியலில் போட்டது. அந்தப் பட்டியலில் வந்தால், வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ள உரிமை உண்டு என்று பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும், சட்டம் அப்படி. அதற்கப்புறம் எவர் புதுசாகச் சேர்ப்பார்? தலைக்கு இவ்வளவு என்றுதான் பணம் வரும். தலை குறைய வாத்தியார் குறைந்தார், வாத்தியார் குறையப் பாடம் குறைந்தது, பாடம் குறைய இன்னும் கொஞ்சம் தலை குறைந்தது.

2009ல் கட்டடத்தை நகரத்தின் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அதே வருஷம் டிசம்பரில், உள்ளே இருக்கும் பள்ளியை மூடப்போகிறோம் என்றும் அறிவித்தார்கள்! ஆசிரியர் சங்கமும் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபியும் வழக்குப் போட, 2010ல் கோர்ட் தடுத்தது. ஜெயித்தும் பிரயோஜனமில்லை. மூடப்போகிற பள்ளி என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டதே. 2011ல் நகரக் கல்விக் குழுவில் மறுபடி ஓட்டெடுத்து, மூடுவதென்று முடித்துவிட்டார்கள். 2014 ஜூனில் கடைசி வகுப்பு வெளியே வந்தபோது பட்டம் வாங்கியவர்கள் 24 பேர். ஒரு காலத்தில் மூவாயிரத்துக்கு மேல் படித்த இடம்.

பாதிக்குப் பாதி பிள்ளைகள்கூடத் தேறவில்லையே என்று நகரம் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் யாரை மட்டும் உள்ளே மிச்சம் வைத்துவிட்டு அந்தக் கணக்கை எடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

அதனால், இணைப்பு பற்றி ஆர்டர் எதுவும் வராத நிலையில், "பள்ளி மூடப் போகுது" என்று ஊர் வாட்ஸ்அப்பில் யாரும் போட வேண்டாம். அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புக்கு வரவேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை பேர் வேனில் டவுனுக்குப் போகிறார்கள் என்று தெரு வாரியாக ஒரு பட்டியல் வேண்டும். மஸ்கட் சித்தப்பா அடுத்த மாதம் ஊருக்குப் போகிறாராம். சித்தப்பா, தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டு ஒரு வரி போடுங்கள். கணித ஆசிரியர் இடம் காலியா என்பதையும் கேளுங்கள்.

அன்புடன்,
குயின்ஸிலிருந்து மேலத்தெருக்காரன்