கிராமச் சுற்றுலாவில் ஊராருக்கு என்ன இடம்?

அல்சூர்வாசி:

பெங்களூரில் பணிபுரியும் நாங்கள் நால்வர், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அஞ்செட்டிக்கு அப்பால் உள்ள எங்கள் பூர்விகச் சிற்றூரில் இரண்டு பழைய ஓட்டு வீடுகளைச் செப்பனிட்டு, வார இறுதியில் விருந்தினர்களைத் தங்கவைக்க எண்ணியிருக்கிறோம். சனிக்கிழமைதோறும் நந்தி மலைக்கும் சக்லேஷ்பூருக்கும் புறப்படும் கூட்டத்தில் ஒரு சிறு பகுதியாவது கேழ்வரகுக் களியையும் காட்டோர நடையையும் நாடி வரும் என்பது எங்கள் கணக்கு. முதலீடு எங்களுடையது, வீடுகள் எங்கள் பங்காளிகளுடையவை. சமையலுக்கும் தோட்ட வேலைக்கும் வழிகாட்டுவதற்கும் ஊர்க்காரர்களையே அமர்த்துவதாக இருக்கிறோம். இதைக் கேட்ட ஊர்ப் பெரியவர் ஒருவர், "நாலு பேருக்குக் கூலி கிடைக்கும், சரி. ஊருக்கு என்ன கிடைக்கும்?" என்றார். அவருக்குச் சொல்ல எங்களிடம் தெளிவான பதில் இல்லை. வருவாயை எவ்வாறு பகிர்வது, முடிவுகளை யார் எடுப்பது, ஊராட்சியை எந்தக் கட்டத்தில் அணுகுவது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஜெயநகர் ஓய்வூதியர்:

அந்தப் பெரியவர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். கூலி கொடுப்பதை ஊராரின் பங்கேற்பு என்று கணக்கு எழுதும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக இருக்கிறது.

பத்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2002–2007) ஒன்றியச் சுற்றுலா அமைச்சகமும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து பல கிராமங்களில் சுற்றுலாவைத் தொடங்கிவைத்தன. தமிழ்நாட்டில் காரைக்குடியும் கழுகுமலையும், கர்நாடகத்தில் பனவாசியும் ஆனேகுந்தியும் அந்தப் பட்டியலில் இருந்தன. அவற்றுள் நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது குஜராத்தின் கச் மாவட்டத்தில் உள்ள ஹோட்கா கிராமத்தை. அங்கே பன்னி புல்வெளியில், 'புங்கா' எனப்படும் வட்டமான மண் குடில்களைக் கொண்ட ஷாம்-இ-சர்ஹத் விடுதி, தனியார் எவருக்கும் சொந்தமன்று. கிராமச் சுற்றுலாக் குழுவே அதை நடத்துகிறது. பயிற்சி அளித்தவர்கள் வெளியார்தாம் என்றாலும், உடைமை ஊருடையதாக இருந்ததே அதன் உயிர்நாடி.

உங்கள் நிலை வேறு. முதலீடு உங்களுடையது என்பதால் உடைமையை முழுவதும் விட்டுக்கொடுக்கச் சொல்வது நியாயமாகாது. ஆனால் லடாக்கில் பின்பற்றப்படும் ஒரு முறையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஹிமாலயன் ஹோம்ஸ்டேஸ் திட்டத்தில் சேர்ந்த வீடுகளுக்கு விருந்தினர்கள் முறைவைத்து அனுப்பப்படுகிறார்கள். வருவாயில் ஒரு பகுதி கிராமப் பொது நிதிக்குப் போகிறது. உங்கள் இரண்டு வீடுகளோடு நிறுத்திக்கொள்ளாமல், விருப்பமுள்ள வேறு சில குடும்பங்களும் ஆளுக்கோர் அறையைச் சீர்செய்ய உதவி, முறைவைத்து விருந்தினரை அனுப்பினால், பெரியவரின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

தேன்கனிக்கோட்டைக்காரி:

ஐயா சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. நான் அந்தப் பக்கத்துப் பெண். இப்போது எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். சில சங்கடமான கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஊர்ப் பொது நிதி என்கிறீர்கள். எங்கள் பக்கத்துச் சிற்றூர் எதை எடுத்துக்கொண்டாலும் ஊர்த்தெரு ஒரு புறமும் காலனி மறுபுறமும் இருக்கும். சற்றுத் தள்ளி இருளர் குடியிருப்பும் இருக்கலாம். குழு அமைக்கச் சொன்னால் ஊர்த்தெருவின் நான்கு குடும்பங்கள் அமர்ந்துகொள்ளும். காலனிக்குப் பாத்திரம் கழுவும் வேலை வந்து சேரும். விருந்தினர் முறைவைத்துத் தங்கும் வீடுகளில் காலனி வீடு இருக்குமா, அங்கே சமைத்த களியைப் பரிமாறுவீர்களா என்பதை முதல் நாளே முடிவு செய்யாவிட்டால், பிறகு அதை எவரும் பேசமாட்டார்கள். என்னைக் கேட்டால், வருவாய்ப் பங்கீட்டைக் காட்டிலும் இதுவே முதன்மையானது.

அடுத்தது பெண்களின் உழைப்பு. விடியற்காலையில் மாட்டைக் கவனித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெண், சனி, ஞாயிறுகளில் பத்துப் பேருக்குக் கூடுதலாகச் சமைக்க வேண்டும். அந்தப் பணம் வீட்டுத் தலைவரின் கைக்குப் போனால் அவளுக்கு மிஞ்சுவது அலுப்பு மட்டுமே. சமையலை மகளிர் சுயஉதவிக் குழுவின் பொறுப்பில் விட்டு, தொகையைக் குழுவின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள்.

இன்னொன்று, கேழ்வரகு முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் இறங்கும். அப்போது ஆண்கள் இரவெல்லாம் பரண்மேல் காவல் இருப்பார்கள். உங்கள் விருந்தினர்களுக்கு விருப்பமான குளிர்காலமும் அதுவேதான். அந்த வாரங்களில் ஊர் உங்களுக்கு வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரவில் விளக்கும் பாட்டுமாகக் கூத்தடிப்பதையும் ஊர் பொறுக்காது.

கே.ஆர்.புரம் நடையர்:

காட்டோர நடை என்று எழுதியிருப்பதால் ஒரு குறிப்பு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்ததையடுத்து, தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி எவரையும் அழைத்துச் செல்ல முடியாது. உங்கள் பகுதியில் 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும் இருக்கிறது. ஆகவே வனத்துறையிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

அப்படிப் பேசுவதால் கிடைக்கும் நன்மைக்குச் சான்று கோவைக்கு அருகில் இருக்கிறது. பில்லூர் அணையின் நீர்ப்பரப்பையொட்டிய பரளிக்காட்டில் வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலாவில், பரிசல் ஓட்டுவதும் மதிய உணவு சமைப்பதும் உள்ளூர்ப் பழங்குடி மக்கள்தாம். முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே இடம் என்பதால் கூட்டம் ஊரை மிதிப்பதில்லை. பெரியாறு புலிகள் காப்பகத்தில் இதைவிடத் துணிச்சலான ஏற்பாடு நடந்தது. காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்தவர்களையே, 1990-களின் பிற்பகுதியில், சூழல் மேம்பாட்டுக் குழுவாக அமைத்து, நடைவழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாற்றினார்கள். காட்டின் மூலைமுடுக்கெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்ததே அவர்களின் தகுதியாயிற்று.

அல்சூர்வாசி:

மூவருக்கும் நன்றி. அம்மா எழுப்பிய காலனி பற்றிய கேள்வியை எங்கள் நால்வருக்குள் இதுவரை ஒருவரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. பங்காளிகளில் இருவர் எதிர்ப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். சமையலைச் சுயஉதவிக் குழுவிடம் விடுவதில் தடையில்லை, அந்தக் குழுவில் இரு தெருப் பெண்களும் இருக்கிறார்கள். பொது நிதியை யாரிடம் வைப்பது என்பதுதான் இன்னும் புரியவில்லை. ஊராட்சிக் கணக்கில் செலுத்தினால் அது எங்கே போயிற்று என்று தெரியாமல் போய்விடாதா?

ஜெயநகர் ஓய்வூதியர்:

ஊராட்சிக் கணக்கில் செலுத்த வேண்டியதில்லை. மகளிர் குழுக்களுக்கு ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு இருக்கும். அதில் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கச் சொல்லி, கையொப்பமிடுவோரில் ஒருவர் காலனியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பங்கீட்டை இலாபத்தின்மேல் வைக்காதீர்கள். இலாபம் என்ன என்பதை முதலீட்டாளர்தானே சொல்கிறார்? ஓர் இரவுத் தங்கலுக்கு இவ்வளவு ரூபாய் என்று வைத்தால் எவரும் எண்ணிப் பார்த்துவிடலாம்.

குமரகத்தில் கேரள அரசின் பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தில், குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் பெண்கள் விளைவித்த காய்கறிகளை விடுதிகள் வாங்கின. விலையை முன்கூட்டியே பேசி முடித்தார்கள். நீங்களும் கேழ்வரகு, பால், கோழி ஆகியவற்றுக்கு அவ்வாறே பேசிக்கொள்ளலாம்.

இவை யாவற்றையும் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26 கூட்டத்தில் இது பேசப்பட வேண்டுமானால் ஊராட்சிச் செயலரிடம் முன்னதாகவே மனு கொடுத்துவிடுங்கள். அதற்குள் கேழ்வரகு அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும். இரவுக் காவலுக்குப் போனவர்களும் கூட்டத்துக்கு வருவார்கள்.